முகமூடியும் நடுகல்லும்

மிஷ்கின் இயக்கிய 'முகமூடி' என்னும் திரைப்படம் 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆந் திகதி வெளிவந்தது. அதிமானுட வீரன் ஒருவன் தோன்றிய வரலாற்றைத் தமிழிற் சொல்ல வந்த படம் என்று அதனைப் பெரிதாக எடுத்துரைத்தார்கள். ஆயினும் எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. அவ்வாண்டிலேயே வவுனியாவில் உறவினர் ஒருவர் வீட்டில் அதனைப் பார்த்தேன். பாதியில் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். படம் நன்றாயில்லை என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். அது முழு உண்மையன்று. அண்மையில், கிளிநொச்சியில், என்னிடம் பாடங்கேட்க வரும் மாணவன் ஒருவனோடு இருந்து அதே படத்தை இறுதிவரை பார்த்தபோதுதான், அன்று எழுந்து போனதன் காரணம் எனக்கே விளங்கிற்று.

அந்த நாள்களை நினைவிற் கொள்ளவேண்டும். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. வன்னியிலிருந்து வெளியேறிய ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் முட்கம்பி வேலிகளுக்குள் இருத்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வாழ்ந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம், இப்படம் வெளிவந்து நான்கு வாரங்கள் நிறையுமுன், 2012 செப்டெம்பர் இறுதியில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியோருட் கேப்பாபுலவு மக்களும் இருந்தனர். அவர்களது நிலம் படையினர் வசமிருந்தமையால், அவர்கள் ஊர் திரும்ப இயலாது சீனியாமோட்டையிற் குடியேற்றப்பட்டனர். அத்தகைய வேளையில் முகத்தைத் துணியால் மூடிய ஒருவன் திரையிலே தோன்றினால், நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது வியப்பாக இருக்க முடியுமோ?

வடக்கிலும் கிழக்கிலும் 1980களிலிருந்து நிகழ்ந்த சுற்றிவளைப்புக்களை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் பொருள் புரியும். ஊரார் வெளியிலே வரிசையாக நிறுத்தப்படுவர். கண்ணுக்கு இரு துளையிட்ட சாக்கினால் முகம் மறைத்த ஒருவன்முன் ஒவ்வொருவராக நடந்து செல்லவேண்டும். அவன் வாய் திறப்பதில்லை. தலை அசைந்தாற் போதும். அவனைத் 'தலையாட்டி' என்று அழைத்தார்கள். 'முகமூடி' என்றும் சொல்வதுண்டு. அவன் தலையசைப்பினால் கொண்டுசெல்லப்பட்டோரிற் பலர் வீடு திரும்பவில்லை. தமிழ்நாட்டிலே ஒரு சிறுவனுக்கு விளையாட்டை நினைவூட்டும் அச்சொல், நம் மண்ணில் வேறொரு பொருளைச் சுமந்து நின்றது. அன்று என்னை முற்றத்துக்கு அனுப்பியது படத்தின் குறையன்று, அச்சொல்லே.

மேனாட்டு அதிமானுட வீரர்களின் கதைகளுக்கு ஒரு மரபு உண்டு. 1938இல் ஜெரி சீகல், ஜோ சஸ்டர் என்னும் இரு இளைஞர்கள், குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், அமெரிக்காவிற் படைத்த சூப்பர்மேன், அழிந்துபோகும் உலகொன்றிலிருந்து பெற்றோரால் அனுப்பிவைக்கப்பட்ட குழந்தை. அடுத்த ஆண்டு தோன்றிய பேட்மேன், கண்ணெதிரே தாய் தந்தையரைப் பறிகொடுத்த சிறுவன். இழப்பிலிருந்தே வீரன் பிறக்கிறான் என்பது அம்மரபின் அடிப்படை. சூப்பர்மேன் முகத்தை மறைப்பதில்லை, பேட்மேன் மறைக்கிறான். மறைப்பதற்குச் சொல்லப்படும் காரணம், தன்னை அறிந்தால் பகைவர் தன்னைச் சார்ந்தவர்களை வருத்துவர் என்பதாகும். இக்காரணத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தால் மனம் திடுக்குறும். சாக்குக்குள்ளே நின்றவனும் அதே அச்சத்தோடுதானே நின்றிருப்பான்?

'முகமூடி'யின் நாயகன் ஆனந்துக்கு வானுலகப் பிறப்போ பெருஞ் செல்வமோ இல்லை. புரூஸ் லீயின்மேற் கொண்ட பற்றினால் 'லீ' என்று அழைக்கப்படும், வேலையற்ற இளைஞன் அவன். ஜீவா அவ்வேடத்தை ஏற்றார். அவன் கற்றது குங்பூ ஒன்றே. நரேன் நடித்த பகைவனும் அக்கலையில் தேர்ந்தவனே. அவனது கொள்ளைக் கூட்டத்தாரும் முகத்தை மறைத்தே வருகின்றனர். ஆகவே, கலையும் ஒன்று, மறைப்பும் ஒன்று. இவ்விடத்திலேதான் படத்தின் உட்பொருள் இருக்கிறது என்று இப்போது கருதுகிறேன். ஆனந்த் முகமூடியை மூன்று நிலைகளில் அணிகிறான். முதலிலே காதலித்த பெண்ணின் மனத்தைக் கவரும் விளையாட்டாக அணிகிறான். பின்னர் செய்யாத குற்றம் தன்மேற் சுமத்தப்பட, ஒளிந்து திரிபவனாகிறான். ஈற்றிலே பிறரைக் காக்கும் பொருட்டுத் தானே விரும்பி அதனை ஏற்கிறான். விளையாட்டு, அச்சம், கடமை என்னும் இம்மூன்றனுள் நடுவில் உள்ளதை இயக்குநர் விரைந்து கடந்துவிடுகிறார். நமக்கோ அந்த நடுப்பகுதிதான் நெடிது.

தமிழரின் பழைய வீரன் முகத்தை மறைத்தவனல்லன். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. வீழ்ந்தவனின் பெயரையும் செயலையும் கல்லிற் பொறித்து, ஊர் அறிய நிறுத்தி வழிபட்டனர் நம் முன்னோர். வன்னியிலும் ஒரு கல் பேசப்படுகிறது. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் படைத்தலைவனான கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதைக் குறித்து நாட்டப்பட்ட கல் அது. வென்றவர்களின் சார்பில் எழுந்த கல்லாயினும், தோற்றவனின் பெயரையும் அது காத்தது. அப்பெயரை மக்கள் எடுத்துக்கொண்டனர். பெயர் இருந்தமையால் வீரமும் நிலைத்தது. முகமூடி அணிந்தவனுக்கோ பெயரில்லை, கல்லுமில்லை. அதிமானுட வீரனைத் தமிழாக்குவதில் உள்ள இடர்ப்பாடு இதுவே போலும்.

படம் முடிந்ததும் மாணவன் கேட்டான்: "சேர், அவன் நல்லதுதானே செய்யிறான்? பிறகு ஏன் முகத்தை மூடவேணும்?"

போர் முடிந்தபின் பிறந்த பிள்ளை அவன். தலையாட்டி என்னும் சொல்லை அவன் கேட்டதேயில்லை. சுருக்கமாகச் சொன்னேன். சொல்லும்போது, ஆண்டுகள் பல கடந்தும், என் குரலில் வெறுப்பு இருந்ததை உணர்ந்தேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான்.

"அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், என்ன சேர்? அவரையும் பிடிச்சுத்தானே கொண்டுவந்திருப்பினம்?"

என்னிடம் உடனே விடையில்லை. தானாக வந்தவர்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அடியும் உதையும் தாங்காது கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர்கள் அவர்களுள் இருந்தனர் என்பதை நாம் எல்லோரும் அறிவோம், அறிந்தும் சொல்வதில்லை. வீரன் முகமூடியைத் தானே அணிகிறான். அவர்களுக்கு அது பிறரால் அணிவிக்கப்பட்டது. இவ்வேற்றுமையை நூல்களைப் படித்த யான் காணவில்லை. கதையை விளையாட்டாகப் பார்த்த பிள்ளை கண்டான்.

குறைபாடுகள் உடைய படந்தான் அது. இரண்டாம் முறை பார்த்ததனால் அது சிறந்ததாகிவிடவில்லை. ஆனால் அன்று பாதியிலே விட்டுச் சென்ற ஒன்றை அதன்முன் இருந்து முடிக்க நேர்ந்தது. கற்சிலைமடுவைக் கடந்து செல்லும்போதெல்லாம் கல்லில் உள்ள பெயரை நினைப்பது என் வழக்கம். இனிமேல், எந்தக் கல்லிலும் எழுதப்படாத அந்தச் சாக்குத்துணி மனிதனின் இரு கண்களும் கூடவே நினைவுக்கு வரும்.