சிலந்தி மேல் போட்ட பழி

முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் கையிலோ இடுப்பிலோ தடிப்பு தெரிந்தால் சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் பெயர் தயாராக இருக்கும்: பூச்சிக்கடி. கடித்தது கண்ணில் படாவிட்டால் காணாக்கடி. வரிசையாகக் கொப்புளம் கிளம்பினால் எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்பார்கள். மந்திரிப்பவர் முதலில் சிறியாநங்கை இலையையோ மிளகையோ மெல்லச் சொல்வார். கசப்போ காரமோ நாக்குக்குத் தெரிந்தால் பயமில்லை, தெரியாவிட்டால் பாம்பு. பிறகு வேப்பிலை அடிப்பு, உப்பும் புளியும் இல்லாத பத்தியம். பெரும்பாலும் ஆள் தேறிவிடுவார். கடித்ததில் ஆளைக் கொல்லும் விஷம் இருந்திருக்காது.

இந்த மண்ணுக்கே உரிய பெரிய சிலந்தி ஒன்று உண்டு. சேலம் மாவட்டம் காடையாம்பட்டியில் கிடைத்ததை வைத்து, 1899-இல் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த போகாக் அதற்குப் 'பொசிலோதீரியா ஃபார்மோசா' என்று பெயரிட்டார். மரப்பொந்தில் குடியிருக்கும் இது இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம். இதன் இனத்துச் சிலந்திகள் கடித்தால் வலி கடுமையாக இருக்கும். சில மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு தொடங்கி நாள்கணக்கில் படுத்தலாம். யாரும் இறந்ததாகப் பதிவில்லை.

இன்றும் இந்தியாவில் சிலந்திக்கடிக்கென்று விஷமுறிவு மருந்து தயாராவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவுவது, ஐஸ் ஒத்தடம், வலி மாத்திரை, தசைப்பிடிப்புக்கு மருந்து, தேவைப்பட்டால் டி.டி. ஊசி, இவ்வளவுதான். மாறியிருப்பது, கடித்தது எது என்று கண்டுபிடிக்கும் முறை.

நாக்கு சொன்னதை இன்று ரத்தம் சொல்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் என்று சந்தேகித்து உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றுவார்கள். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியனுக்கு இந்தச் சோதனை உதவாது. தரையில் தூங்குபவரை ராத்திரி அது கடித்தால் வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை ஆகியவற்றை வைத்துத்தான் டாக்டர் பிடிப்பார்.

சிலந்திப் புண் என்று காட்ட வரும் கருத்த பொருக்கு, சிகரெட் சுட்டதுபோல அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருந்து, காய்ச்சலும் அடித்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் கேட்கும். வரிசைக் கொப்புளம் பெரும்பாலும் அக்கி. சின்னம்மை போட்ட பழைய வைரஸின் வேலை அது.

வசதியும் கூடியிருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. சேலம் மோகன் குமாரமங்கலம் கல்லூரிக்குத் துணையாக 2022-இல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

ஆனாலும் இன்னமும் சிலர் முதலில் இலையை மென்று பார்க்கிறார்கள். கடிவாயைக் கீறுகிறார்கள், இறுக்கிக் கட்டுகிறார்கள். கடித்தது சிலந்திதான் என்றால் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்ததோடு போயிற்று. கட்டுவிரியன் கடித்ததைப் பூச்சிக்கடி என்று நினைத்து வீட்டில் படுத்தால்தான் உயிருக்கே ஆபத்து.