அடிக்கடி ‘டிரிப்’ ஆகும் எம்.சி.பி... பெரிய ஆம்பியருக்கு மாற்றினால் தீர்வா, ஆபத்தா?

ஏலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் ஜோலார்பேட்டையில், கோடை வந்துவிட்டால் ஏசி, ஃபேன், போர் மோட்டார் எதற்கும் ஓய்வில்லை. திடீரென ‘டப்’ என்று ஒரு சத்தம், பாதி வீடு இருட்டு. எம்.சி.பி-யைத் தூக்கிவிட்டால் சிறிது நேரத்தில் மறுபடியும் இறங்கிவிடும். "16-ஐ எடுத்துட்டு 32 போடுங்க, சரியாயிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வீட்டில் தீப்பிடிக்க வழி செய்யும் யோசனை அதுதான்.

எம்.சி.பி எதைக் காப்பாற்றுகிறது?

சுவருக்குள் ஓடும் வயரை. வயர் தாங்கும் அளவைத் தாண்டி கரண்ட் போனால் இணைப்பைத் துண்டிப்பதே அதன் வேலை. 16 ஆம்பியருக்குப் போட்ட வயரில் 32 ஆம்பியர் எம்.சி.பி வைத்தால், வயர் சூடாகி மேலுறை உருகினாலும் அது இறங்காது.

எப்போது இறங்குகிறது என்று பாருங்கள்

சிறிது நேரம் ஓடிய பிறகு இறங்கினால் ஓவர்லோடு. கீசர் 2000 வாட்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு 2000, அயர்ன் பாக்ஸ் 1000 என மூன்றும் ஒரே லைனில் ஓடினால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி தாங்காது. வீட்டு எம்.சி.பி-கள் பொதுவாக 30 டிகிரி வெப்பத்தைக் கணக்கில் வைத்துத்தான் தயாராகின்றன. 40 டிகிரி வெயிலில், மூடிய பெட்டிக்குள் இருக்கும்போது இன்னும் சீக்கிரமே இறங்கிவிடும்.

தூக்கியவுடனே இறங்கினால் பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் இறங்கினால், அது முதலில் இழுக்கும் கூடுதல் கரண்ட் காரணமாக இருக்கலாம். ‘பி’ வகைக்குப் பதில் அதே ஆம்பியரில் ‘சி’ வகை பொருந்துமா என எலக்ட்ரீஷியனிடம் கேட்கலாம். மோட்டார் ஜாம் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

‘டெஸ்ட்’ பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி இறங்கினால் மின்கசிவு. கீசர் காயில், வாஷிங் மெஷின், ஈரமான சுவர் ஆகியவற்றில் சந்தேகம் வர வேண்டும். வீடுகளில் வைப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இறங்கிவிடும். உயிரைக் காப்பது இதுதான் என்பதால், தொல்லை என்று கழற்றிவிடக் கூடாது.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

1. அந்த லைனில் உள்ள எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றுங்கள்.

2. கை ஈரமில்லாமல், எம்.சி.பி லீவரை முழுவதும் கீழே இறக்கிவிட்டு மேலே தூக்குங்கள்.

3. நின்றால், ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் இறங்குகிறதோ, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். தனித்தனியாக ஓடி, சேர்ந்து ஓடும்போது மட்டும் இறங்கினால் ஓவர்லோடு.

4. எதுவுமே போடாமல் இறங்கினால் கோளாறு வயரிங்கில். மறுபடி மறுபடி தூக்காமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கருகிய வாடை, சூடான பெட்டி, பழுப்பேறிய பிளக் பாயின்ட் இருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மெயினை அணைத்துவிடுங்கள்.

ஓவர்லோடுக்குத் தீர்வு, கீசருக்கும் ஏசிக்கும் தனி வயர், தனி எம்.சி.பி.

மீட்டருக்குப் பிறகான வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவுக்கே கரண்ட் இல்லை, வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்றால் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைக்கலாம்.