முன்பு சொன்னதும் இன்று சொல்வதும்

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறும் ஒருவர், தம்மை அழைத்த தரப்பின் வழக்கறிஞர் நடத்தும் முதல் விசாரணை, எதிர்த்தரப்பு நடத்தும் குறுக்கு விசாரணை, அதில் எழுந்த ஐயங்களைத் தெளிவுபடுத்தும் மறு விசாரணை என்ற மூன்று கட்டங்களைக் கடக்கிறார். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் வகுத்த இந்த வரிசையை, அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமும் அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது வழிகாட்டும் கேள்வி எனப்படும். முதல் விசாரணையில் பொதுவாக அதற்கு இடமில்லை, குறுக்கு விசாரணையிலோ அதுவே முதன்மையான கருவி. திரைப்படங்களைப் பார்த்தவர்கள் இக்கட்டத்தை உரத்த குரலோடும் மேசையைத் தட்டுவதோடும் சேர்த்தே நினைக்கிறார்கள். உண்மையில் பொய்ச்சாட்சி வீழ்வது, மறுக்க முடியாத ஏதோ ஒன்றின் முன் நிறுத்தப்படும்போதுதான். அதற்கான உழைப்பில் பெரும்பகுதி விசாரணை நாளுக்கு முன்பே வழக்குக் கட்டுகளைப் புரட்டுவதில் கழிகிறது.

ஏலகிரி மலையடிவாரத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வரை தோல் வணிகம் பெரிதும் தவணையிலும் நம்பிக்கையிலும் நடப்பதால், இப்பகுதி மக்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, பணமின்றித் திரும்பிய காசோலை வழக்குதான். செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் தொடரப்படும் இவ்வழக்கில், கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டால், கடன் இருந்தது என்றே சட்டம் ஊகிக்கும்; அந்த ஊகத்தை உடைக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. அவர் கூண்டேறிச் சாட்சி சொல்லாமலே, புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்து அதை உடைக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறி. கர்நாடகத்தைச் சேர்ந்த பசலிங்கப்பா வழக்கில் (2019) இது தெளிவாக வெளிப்பட்டது. ஓய்வுபெற்ற ஊழியரான புகார்தாரர் 6 லட்சம் ரூபாய் கடன் கொடுத்ததாகக் கூறினார். 1997-இல் ஓய்வுபெற்றபோது 8 லட்சம் ரூபாய் வந்ததாகக் குறுக்கு விசாரணையில் சொன்ன அவர், நிலம் வாங்கும் ஒப்பந்தம் ஒன்றுக்காக நாலரை லட்சம் செலுத்தியிருந்ததும், அதே காலத்தில் வேறு ஒருவருக்கும் கடன் கொடுத்திருந்ததும் வெளிவந்தன. இத்தனைக்கும் பிறகு 6 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றம் விதித்த தண்டனையை நீக்கி, விசாரணை நீதிமன்றம் அளித்த விடுதலையை உச்ச நீதிமன்றம் மீட்டது. அவர் பொய் சொன்னார் என்று யாரும் கூவ வேண்டியிருக்கவில்லை. கணக்கே பேசியது.

குற்ற வழக்குகளில் இதே வேலையை முந்தைய வாக்குமூலம் செய்கிறது. புலனாய்வின்போது காவல்துறை பதிவு செய்யும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கப்படுவதில்லை. எதிர்த்தரப்பு அதைச் சாட்சியின் முரணைக் காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. முரண்படும் பகுதியைக் குறிப்பாகச் சாட்சியின் முன் வைத்து விளக்கம் கேட்க வேண்டும்; அவர் ஒப்புக்கொண்டால் அதோடு முடிந்தது, மறுத்தால் அப்பகுதியைக் குறியிட்டுப் பின்னர் புலனாய்வு அதிகாரி வாயிலாக மெய்ப்பிக்க வேண்டும். முன்பு சொல்லாத முக்கியமான செய்தியை இன்று புதிதாகச் சேர்ப்பதும் முரணாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1959-இல் தஹசில்தார் சிங் வழக்கில் விளக்கியது. இந்தப் படிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும், அப்பட்டமான பொய்கூடத் தீர்ப்பில் இடம்பெறாமல் போகும். இளம் வழக்கறிஞர்கள் பேச்சுத்திறனைவிட இந்த ஒழுங்கைத்தான் முதலில் கற்க வேண்டும்.

குறுக்கு விசாரணையின் பயன் அன்றைய நீதிபதியோடு முடிவதில்லை. தமிழகம் மறக்காத லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் ஜூரிகள் நம்பிய சாட்சியங்களின் அடிப்படையில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டனர். பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மீண்டும் கேட்குமாறு திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதே சாட்சியப் பதிவுகளை மறுபடி எடைபோட்டு இருவரையும் விடுவித்தது. அப்போது அவர்களுக்காக வாதாடியவர், வேலூரில் 1890-இல் பிறந்து, சென்னையில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக அமர்ந்த முதல் இந்தியர் என்று அறியப்படும் வி.எல்.எத்திராஜ். கூண்டில் பதிவான ஒவ்வொரு கேள்வியும் பதிலும் ஆண்டுகள் கழித்தும் வேறொரு நீதிபதியின் மேசையில் உயிரோடு இருக்கும் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

சில வேளைகளில் பொய் சொல்பவர் அழைத்த தரப்பின் சாட்சியாகவே இருப்பார். தம் தரப்புக்குச் சாதகமாகப் பேசுவார் என்று ஒருவர் அழைக்க, கூண்டில் மாறிப் பேசுபவரைப் பிறழ்சாட்சி என்பர். நீதிமன்ற அனுமதியோடு அழைத்தவரே அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குச் சென்று, மறுநாள் ரயில் பாதையருகே சடலமாகக் கிடந்த கோகுல்ராஜ் என்ற இளைஞரின் கொலை வழக்கில், அன்று உடனிருந்த தோழி முதலில் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதை விசாரணையில் மறுத்தார். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், ஆனந்த் வெங்கடேஷ் ஆகியோர் 2022 நவம்பரில் அவரை மீண்டும் அழைத்து, கோயில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியைக் காட்டினர். கோகுல்ராஜை அடையாளம் காட்டிய அவர், அருகில் இருக்கும் பெண் தாம் இல்லை என்றார். நீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியதோடு, கேமராக்கள் இருந்த இடங்களை நீதிபதிகளே கோயிலுக்குச் சென்று பார்வையிட்டனர். 2023 ஜூன் 2-ஆம் தேதி முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதி செய்யப்பட்டது. சாட்சி பின்வாங்கிய பின்னும் நீதி நின்றதற்குக் காரணம், அதைத் தாங்குவதற்கு வேறு பதிவுகள் இருந்ததே.

ஒரு செய்தியில் பொய் சொன்னவரின் முழுச் சாட்சியத்தையும் தூக்கியெறியும் விதியை இந்திய நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுமற்றவர் என்று பிரித்தது. மூன்றாம் வகையினரின் சொல்லுக்குத்தான் வேறு ஆதாரம் தேட வேண்டும். மற்றொரு எல்லையும் உண்டு: சாட்சியைப் புண்படுத்தவோ தொந்தரவு செய்யவோ மட்டுமே கேட்கப்படும் கேள்வியை நீதிமன்றம் தடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பாதிக்கப்பட்ட பெண்களின் ஒழுக்கத்தைக் கிளறும் கேள்விகள் திறமை என்ற பெயரில் அனுமதிக்கப்படுவது இந்தக் கலைக்கே இழுக்கு.

நீதித்துறை நடவடிக்கையில் பொய்ச்சாட்சி சொல்வதற்கு 7 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம் என்றாலும், புகார் அளிக்கும் அதிகாரம் பெரும்பாலும் நீதிமன்றத்திடமே இருப்பதால், குறுக்கு விசாரணையில் வெளிப்பட்ட பொய் பலமுறை தீர்ப்பில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பொய்க்குப் பின்னால் அச்சமோ பணமோ சாதிக்கட்டுப்பாடோ இருக்கும்போது, கேள்விகளால் மட்டும் உண்மையை வரவழைக்க முடியாது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும், மாநிலங்கள் அத்தகைய திட்டத்தை வகுத்து அறிவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-ஆம் பிரிவு கட்டளையிட்டதும் இதனால்தான்.