வளரும் பிள்ளைகள் கையில் எந்த நாவல்?



கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர், "பாடப் புத்தகம் போக வேறு என்ன படிக்கக் கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நாவல் என்றதும் முகம் மாறுகிறது. கதைப் புத்தகம் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதே வீட்டில் இரவு பதினொரு மணி வரை பிள்ளை கையில் செல்போன் இருக்கிறது. அதில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. புத்தகத்தை நாமும் புரட்டிப் பார்க்கலாம், படித்துவிட்டுப் பேசலாம்.

கதை எழுதுவது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்த மருத்துவர் இப்னு துஃபைல், தனித்தீவில் மானிடம் பால் குடித்து வளரும் ஒரு குழந்தை தன் சிந்தனையாலேயே படைத்தவனை அறிவதைக் கதையாக எழுதினார். அதுதான் 'ஹய்யு இப்னு யக்ளான்'. தமிழில் முதல் நாவல் 1879-இல் வந்தது. ஆறே ஆண்டுகளில், 1885-இல், இலங்கையின் சித்திலெப்பை மரைக்கார் 'அசன்பே சரித்திரம்' எழுதிவிட்டார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே. சாமிநாதையரே முன்னுரை வழங்கினார்.

இனி, வயதுக்கு ஏற்றபடி சில நூல்களைச் சொல்கிறேன்.

13, 14 வயதுக்கு: வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. மலையாளத்திலிருந்து தமிழில் வந்திருக்கிறது. ஓய்வெடுக்க ஊருக்கு வரும் எழுத்தாளர், உம்மா, தம்பிமார், தங்கைமார், அவர்கள் பிள்ளைகள் என்று நிரம்பி வழியும் வீட்டில் மாட்டிக்கொள்கிறார். தங்கை பாத்துமாவின் ஆடு அவர் எழுதிய புத்தகத்தையே தின்றுவிடுகிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் சிரிப்புக்கு அடியில் வறுமை தெரியும்.

இதே வயதுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறு நூல். வகுப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவியின் கதையை அவளுடைய ஆசிரியை சொல்கிறார். முடிவு மிகவும் துயரமானது. அதனால் தாயோ தகப்பனோ முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். படித்து முடித்தபின், "உன் வகுப்பில் கேள்வி கேட்க விடுகிறார்களா?" என்று கேளுங்கள்.

15, 16 வயதுக்கு: பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது'. தன் வாப்பா யானை வைத்திருந்தவர் என்று பெருமை பேசியே காலம் கழிக்கிறாள் ஒரு தாய். மகள் குஞ்ஞுபாத்தும்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த படித்த முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஆயிஷா அவளுக்கு எழுத்தறிவிக்கிறாள். அந்தப் பெரிய யானை கடைசியில் மண்ணில் குழி பறிக்கும் குழியானைப் பூச்சிதான் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பழம்பெருமை பேசும் நம் எல்லோருக்கும் இது உறைக்கும்.

அடுத்து, தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. குமரி மாவட்டத்து முஸ்லிம் ஊரில் ஒரு முதலாளி வைத்ததே சட்டம். அங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறது. எதிர்ப்புக் கிளம்புகிறது. மார்க்கத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இதில் வருகிறார்கள். "நம்மவரையே குறை சொல்கிறாரே" என்று சிலர் வருத்தப்படலாம். அவர் சாடுவது அறியாமையையும் அதிகாரத்தையும்தான், தீனை அல்ல. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல இந்த நாவலே நல்ல வாய்ப்பு. மீரான் பின்னர் எழுதிய 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

17 வயதுக்கு மேல்: பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்ற சிறுவனின் கதை. நம் கொங்குப் பேச்சிலேயே நடக்கிறது. கொச்சையான சொற்களும் உண்டு. ஆனால் பக்கத்துத் தெருவில் வாழும் மனிதரின் பாடு என்ன என்று நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) நம் சத்தியமங்கலம் மலைக்காட்டின் கதை. சோளகர் மக்கள் வீரப்பனுக்கும் அவனைத் தேடிய அதிரடிப்படைக்கும் நடுவே சிக்கிப் பட்ட கொடுமைகளைச் சொல்கிறது. சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை. எனவே கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுங்கள். திம்பம் மலைப்பாதையில் பஸ்ஸில் போய்வரும் நமக்கு, அந்தக் காட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கில மீடியத்தில் படிப்பதாலும், வீட்டில் உருது பேசுவதாலும் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. அவர்களைத் திட்ட வேண்டாம். இஷாவுக்குப் பிறகு தினம் பத்துப் பக்கம் வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். பாதியில் படிப்பு நின்றுபோன தாய்மார்களும் உட்கார்ந்து கேட்கட்டும். பெண்பிள்ளைக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது, இனி எதற்குப் புத்தகம் என்று சொல்லாதீர்கள். நாளை தன் குழந்தைக்குப் படித்துக் காட்டப்போவது அவள்தான்.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அரசு நூலகத்தில் பிள்ளை பெயரில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். வேண்டிய நூல் இல்லையென்றால் நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு புத்தகத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். தொழுகையும் ஓதலும் பள்ளிப் பாடமும் அதனதன் நேரத்தில் நடக்கட்டும். செல்போனுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை எடுத்தாலே நாவலுக்குப் போதும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் பிறர் துயரம் உணரும் உள்ளத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

— செயலாளர்