அரை மணியில் ஆரஞ்சுத் தோல் மிட்டாயா?

டிசம்பர் நெருங்கினால் போதும், பிளம் கேக்கில் போடுவதற்கான ஆரஞ்சுத் தோல் மிட்டாய்ச் செய்முறைகள் எங்கு பார்த்தாலும் முளைத்துவிடும். தோலை நறுக்கு, பாகில் போடு, கொதிக்கவிடு, அரை மணியில் தயார் என்பதுதான் பலவற்றின் சாரம். அப்படிச் செய்த துண்டு வெளியே இனிக்கும். கடித்தால் செருப்பு வார் மாதிரி இழுக்கும், முடிவில் கசக்கும். பழம் சரியில்லை என்று பழிபோடுவார்கள். பழத்தில் ஒரு குறையும் இல்லை, கெடுப்பது அவசரம்.

தோலுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறி, அந்த இடத்தைச் சர்க்கரை பிடிக்க வேண்டும். தண்ணீர் சட்டென்று வெளியே வந்துவிடும். சர்க்கரை மூலக்கூறு பெரியது, மெதுவாகத்தான் உள்ளே நுழையும். எடுத்த எடுப்பிலேயே கெட்டிப் பாகில் போட்டால் சர்க்கரை போய்ச் சேருமுன் தோல் வற்றிச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் 30 சதவீதம் போன்ற இளம் பாகில் தொடங்கி, நாளுக்குப் பத்துப் பத்தாக ஏற்றி, 70-ஐ எட்டிய பிறகே கை எடுப்பார்கள். பண்டம் மாதக்கணக்கில் பூஞ்சை பிடிக்காமல் நிற்பதும் அந்தச் செறிவால்தான். வீட்டில் இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரில், இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி, நகம் பட்டால் அழுந்தும் வரை தோலை வேகவைக்க வேண்டும். கசப்பு இறங்குவது இங்கேதான். அரைவேக்காட்டில் பாகில் போட்டால் பிறகு எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று ஆகாது. வெந்த தோலை இளம் பாகில் சில நிமிடம் கொதிக்கவிட்டு இரவெல்லாம் ஊறவிடலாம். மறுநாள் தோலை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் சற்றுக் காய்ச்சி, மறுபடி அதிலேயே போட வேண்டும். ஒற்றைக் கம்பிப் பதம் வரும் வரை தினமும் இதே வேலை. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு கற்கண்டாய் உறையாது. கடைசியில் வடித்து நிழலில் உலர்த்தலாம்.

இத்தனை நாளா என்று மலைப்பவர்கள் வீட்டு ஜாடியிலேயே உப்பு நார்த்தங்காய் இருக்கும். சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் ஊறிய நீரிலேயே திரும்பப் போட்டு நாள்கணக்கில் காத்திருந்தவர்கள்தானே நாம்? உப்புக்குக் கொடுத்த பொறுமையைச் சர்க்கரைக்கு ஏன் கொடுக்க மறுக்கிறோம் என்பதுதான் எனக்கு விளங்காதது. இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையிலும் பிரான்சின் கார்சிகா தீவிலும் நார்த்தை இனத்தைச் சேர்ந்த சீட்ரான் பழத்தை உப்புநீரிலோ கடல்நீரிலோ வாரக்கணக்கில் ஊறப்போட்டு, புளிக்கவிட்டு, பிறகு உப்பை அலசி நீக்கித்தான் சர்க்கரை ஏற்றுவது மரபு. நாம் ஜாடியை மூடிவைக்கும் இடத்தில் அவர்கள் அடுப்பை மூட்டுகிறார்கள். கமலா ஆரஞ்சின் மெல்லிய தோலைவிட நார்த்தையின் தடித்த வெள்ளைச் சதைதான் பாகை நன்றாக உறிஞ்சும் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

கடையில் டூட்டி ஃப்ரூட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். பன்னில் மின்னும் அந்தச் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் சாயமேற்றிய பப்பாளிக்காய். இனிப்பு போதும் என்றால் அதுவே போதும். கேக்குக்கு வேண்டிய மணமோ தோலிலுள்ள எண்ணெய்ப் பைகளில்தான் இருக்கிறது. சர்க்கரை அதிகம் என்பது உண்மை. சர்க்கரை நோயாளிகள் தள்ளியே இருக்கட்டும். பளபளக்கும் இறக்குமதிப் பழமாக இருந்தால் மெழுகு பூசியிருக்கலாம், வெந்நீரில் தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும். கேஸ் செலவு என்ற கவலைக்கு மட்டும் இடமில்லை. தோல் வெந்த பிறகு அடுப்பு எரிவது நாளுக்குச் சில நிமிடம், மீதி வேலையைப் பாத்திரம் தானே பார்த்துக்கொள்ளும். மிஞ்சும் பாகையும் கொட்ட வேண்டாம். ஆரஞ்சு மணம் ஏறிய அந்தப் பாகில் எலுமிச்சை பிழிந்து தண்ணீர் கலந்தால் சர்பத், கேக் வெந்ததும் மேலே தடவினால் நாலு நாள் உலராது.