அறைக்குள் அடங்கும் அதிவேக எக்ஸ் கதிர்: லேசரால் சாத்தியமாவது எப்படி?

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும்போது சற்று அசைந்தாலே படம் மங்கிவிடும். அணுக்களைப் படம்பிடிக்க முயலும் அறிவியலாளர்களின் சிக்கலும் இதுவே. அணுக்களை அசையாமல் நிற்கச் சொல்ல இயலாது. வேதிப் பிணைப்பு அறுபடுவது போன்ற நிகழ்வுகள் சில நூறு ஃபெம்டோ விநாடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு விநாடியை 10 கோடி கோடி கூறுகளாகப் பிரித்தால், அதில் ஒரு கூறுதான் ஃபெம்டோ விநாடி.

அவ்வளவு குறுகிய நேரம் மட்டுமே ஒளிர்ந்து அணையும் எக்ஸ் கதிரை வழங்குவதில் முன்னிலை வகிப்பவை, கட்டற்ற எலக்ட்ரான் லேசர்கள் எனப்படும் பெரும் இயந்திரங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே 2017-இல் செயல்பாட்டுக்கு வந்த ஐரோப்பிய மையத்தின் நீளம் 3.4 கி.மீ. இத்தகைய எக்ஸ் கதிர் மையம் இந்தியாவில் இல்லை. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் சுமார் 172 மீட்டர் சுற்றளவு கொண்ட இந்தஸ்-2 சின்க்ரோட்ரான் இயங்குகிறது. எனினும், அதன் துடிப்புகள் ஃபெம்டோ விநாடி அளவுக்குக் குறுகியவை அல்ல. ஆகவே, இத்தகைய சோதனைகளுக்கு இந்திய ஆய்வாளர்கள் வெளிநாட்டு மையங்களில் விண்ணப்பித்துத் தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது.

இதற்கு மாற்று வழி ஒன்றை டோஷிகி தாஜிமா, ஜான் டாசன் ஆகிய இயற்பியலாளர்கள் 1979-லேயே முன்வைத்தனர். ஆற்றல் மிக்க லேசர் துடிப்பை வாயுவில் செலுத்தினால் வாயு பிளாஸ்மாவாக மாறும். விரையும் படகின் பின்னே நீரில் அலை எழுவதுபோல, துடிப்பின் பின்னே பிளாஸ்மாவில் அலை எழும். அந்த அலையில் சிக்கும் எலக்ட்ரான்கள் சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தை எட்டுகின்றன. ஓடும் வழியிலேயே அவை பக்கவாட்டில் ஊசலாடுவதால் எக்ஸ் கதிர் பிறக்கிறது. கருத்து பழையதாயினும், அதற்கேற்ற லேசர் பின்னரே கிடைத்தது. அதற்கு வழிவகுத்த நுட்பத்தை 1985-இல் வெளியிட்ட டோனா ஸ்ட்ரிக்லாண்ட், ஜெரார்ட் மூரு ஆகியோருக்கு 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறையின் பயன் பிரிட்டனில் உள்ள ஜெமினி லேசர் சோதனைகளில் தெளிவானது. மனித எலும்பின் நுண்ணமைப்பை முப்பரிமாணத்தில் காட்டும் படங்கள் அங்கு எடுக்கப்பட்டன. சிலிக்கானுக்குள் எழுப்பப்பட்ட அதிர்ச்சி அலையும் நகரும் நிலையிலேயே பதிவானது. விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் அலைகூட 30 ஃபெம்டோ விநாடியில் ஓரிரு அணுக்களின் அகலமே நகரும். எனவே படம் மங்குவதில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. ஒரு துடிப்பில் கிடைக்கும் எக்ஸ் கதிரின் அளவு, பெரும் இயந்திரங்கள் தருவதைவிடப் பல மடங்கு குறைவு. ஒவ்வொரு துடிப்பும் ஒரே சீராக அமைவதும் இல்லை. ஹாம்பர்க் மையம் விநாடிக்கு 27,000 துடிப்புகள் வரை வழங்குகிறது. ஜெமினி போன்ற லேசரோ ஏறத்தாழ 20 விநாடிகளுக்கு ஒன்றையே தருகிறது. எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே பல ஆய்வுகளின் நம்பகத்தன்மை அமைவதால், இதுவே இன்றைய பெரிய தடை.

ஆயினும், இந்த வழிக்கு அடிப்படைத் தேவையான பேராற்றல் லேசர்கள் இந்தூர் மையத்திலும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஏற்கெனவே உள்ளன. லேசர் கொண்டு எலக்ட்ரான்களை முடுக்கும் சோதனைகள் இந்தூரில் நடைபெற்றுள்ளன.