திரைவழிக் கற்கும் நீர்வண்ணம்

தொலைவிலிருந்தபடியே ஓவியம் கற்பது இணையத்தோடு பிறந்த புதுமையன்று. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் தொடங்கப்பெற்ற பேமஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்கூல் அஞ்சல் வாயிலாகவே பாடம் நடத்திற்று. மாணவர் தம் படத்தை அனுப்புவார். ஆசிரியர் அதன்மேல் மெல்லிய தாளை விரித்துத் திருத்தம் வரைந்து திருப்பி அனுப்புவார். இன்றோ பூந்தமல்லிக்கு அப்பால், செம்பரம்பாக்கத்தில் இருப்பவரும் பொழுதுபோக்காக இணையவழி வகுப்பிற் சேர்ந்து, ஆசிரியரின் தூரிகை நுனியைக் கண்ணெதிரே காண்கிறார். வகுப்பறையின் முன்வரிசையில் அமர்ந்தவருக்கும் எளிதிற் கிட்டாத காட்சி அது. ஆயினும் திரை எளிதிற் காட்டாத ஒன்று நீர்வண்ணத்தில் உண்டு. அது தாளின் ஈரம்.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறப்பொடியை வேலமர இனத்துப் பிசினிற் குழைத்தது. நம் ஏரிகளில் வளரும் கருவேலுக்கு உறவான மரத்தின் பிசின்தான். எண்ணெய் வண்ணத்தைப் போல இது தாளை மூடிவிடுவதில்லை. ஒளி இதனூடே சென்று, தாளின் வெண்மையிற் பட்டு மீள்கிறது. ஆதலின் செம்பரம்பாக்கம் ஏரியில் நிற்கும் கொக்கை வரைபவர் கொக்குக்கு வண்ணம் பூசுவதில்லை. சுற்றியுள்ள நீரைத் தீட்டிக் கொக்கின் இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்!

மேகத்தைத் தீட்டுவது இதனினும் கடினம். தாளை முதலில் நனைத்து, அது பளபளக்கும்போதே நீலத்தை இடவேண்டும். நிறம் தானே பரவி ஓரம் மென்மையாகும். பளபளப்பு மங்கி, தாள் அரைகுறையாக உலர்ந்த நிலையில் நீர் மிகுந்த தூரிகை பட்டால், புது நீர் பழைய நிறத்தைத் தள்ளிச் சென்று பூக்கோசு போன்ற கறையை உண்டாக்கும். அப்பளபளப்பு எத்துணை நேரம் நிற்கும்? அதனை அவ்வவ்வூர்க் காற்றே முடிவு செய்கிறது. குளிர்நாட்டு ஆசிரியர் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்வார். மே மாதத்தில் மின்விசிறியின் கீழிருக்கும் நம்மவர் தாள் அதற்குள் உலர்ந்துவிடக்கூடும். ஐப்பசி அடைமழையிலோ அரைமணி சென்றும் ஈரம் விடாது. பதிவு செய்த பாடங்களில் உலரும் நேரத்தையே வெட்டிவிடுவதும் உண்டு. இதனை அறியாமல், குற்றம் தம் கையில் என்றெண்ணித் தூரிகையைக் கீழே வைத்துவிடுவோர் இருக்கின்றனர். அதுதான் வருத்தத்திற்குரியது.

கடிகாரத்தை விட்டுத் தாளையே பாருங்கள். தாளைச் சாய்த்து, வெளிச்சத்தில் அதன் மினுக்கத்தை நோக்குங்கள். மினுக்கம் போயிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பின்பு விரலின் புறத்தால் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். குளிர்ச்சி தெரிந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. விசிறியை நிறுத்திவிடுவதும் நன்று. பணம் சிறிதே இருக்குமாயின், பல நிறங்கள் வாங்குவதைவிட, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அது எளிதிற் சுருங்காது. ஈரத்தையும் நெடுநேரம் தாங்கும். நிறம் மூன்று போதும்.

நேரடி வகுப்பாயின், ‘என்ன நிறம் கலந்தீர்கள்?’ என்று ஆசிரியரைக் கேட்கும் முன், ‘உங்கள் தாள் இப்போது பளபளக்கிறதா?’ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் தாளைச் சாய்த்து விளக்கொளியிற் காட்டுவார்.